ஆயா டப்பாவில் இருக்கும் சோழி

வாசகர் கேள்வி – பதில்: வடசென்னை வாசகர்களின் சோழிக் கேள்விகள்

எங்கள் ஆயா தாயம் ஆடிய சோழி முப்பது, நாற்பது இருக்கும். மரப்பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தோம். இப்போது திறந்தால் எல்லாவற்றின் மேலும் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. துடைத்தால் போகிறது, இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
*– வாசகி, தண்டையார்பேட்டை*

புளியைத் தொடவே தொடாதீர்கள் அம்மா. உங்கள் சோழியைத் தின்றுகொண்டிருப்பதே ஒரு புளிப்புதான்.

அந்தப் பொடி பூஞ்சணம் இல்லை, கடல் உப்பும் இல்லை. மரம், அட்டை, பசை இவற்றிலிருந்து அசிட்டிக் அமில ஆவி மெல்ல மெல்ல வெளியேறும். வினிகரில் இருக்கிற அதே அமிலம். மூடிய பெட்டிக்குள் அது தங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஓட்டின் சுண்ணாம்பை அரிக்கும். அரித்ததில் உண்டாகும் உப்புதான் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. 1899-இல் பைன் என்பவர் இதை விவரித்து எழுதியதால் அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்கள் இதைப் ‘பைன் நோய்’ என்பார்கள். பெயர்தான் நோய், கிருமி எதுவும் கிடையாது. அதனால் வெயிலில் காயவைத்தாலும் டெட்டால் போட்டாலும் நிற்காது. கடலோர ஈரக்காற்றும் மரப்பெட்டியும் சேர்ந்திருக்கும் வரை பூத்துக்கொண்டேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது: ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிச் சோழிகளை 24 மணி நேரம் ஊறவிடுங்கள். இடையில் மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர் வேண்டாம். அதில் இருக்கும் உப்பு காய்ந்ததும் புதுக் கறையாக நிற்கும். பிறகு குழந்தைகளுக்கான மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ்ஷால் வெளிப்புறத்தைத் தேய்க்கலாம். வாய்ப்பக்கம் பிரஷ் நுழையாது. ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி, பற்களுக்கு நடுவே வேகமாக நாலைந்து முறை பீய்ச்சுங்கள். உள்ளே தங்கியிருக்கும் பொடி அப்போதுதான் வெளியே வரும். பலரும் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் ‘கழுவியும் திரும்ப வந்துவிட்டது’ என்கிறார்கள்.

வெள்ளைத் துணி விரித்து, வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து, நிழலில் நான்கு நாள் காயவிடுங்கள். இரண்டாம் நாளே காய்ந்த மாதிரி தெரியும். உட்சுருளில் ஈரம் இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு பேபி ஆயில் ஒரு சொட்டு விரலில் எடுத்து மூன்று நான்கு சோழிக்குத் தடவித் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடிக்கும், அதிலும் அமிலம் ஊறும். கடைசியில் கண்ணாடிப் பாட்டிலிலோ சாப்பாடு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவிலோ ஒரு சிலிக்கா ஜெல் பையோடு போட்டு மூடுங்கள். பெட்டியின் அழகுக்காகத் திரும்ப அதிலேயே வைக்காதீர்கள். செய்தித்தாளிலும் சுற்ற வேண்டாம், அந்தக் காகிதமும் புளிப்புதான்.

பொடி போன இடத்தில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி தெரியும். அந்த இடத்துக்குப் பளபளப்பு திரும்பாது. அரிப்பு அதற்கு மேல் பரவாமல் நிறுத்துவதுதான் நம்மால் ஆகக்கூடியது.

அப்படியானால் எலுமிச்சம்பழம்? யூடியூபில் எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்துக் காட்டுகிறார்கள்.
*– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

உடைந்த சோழி ஒன்று கிடைத்தால் நீங்களே பாருங்கள். முதுகின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஓரத்தில் கடுகை விடச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். சில நிமிடம் கழித்துத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சுற்றிலும் கண்ணாடி மாதிரி மின்னும், சொட்டு விழுந்த வட்டம் மட்டும் சாக்பீஸ் மாதிரி மங்கிக் கிடக்கும். அந்த மினுக்கம் ஓட்டின் மேல் பூசிய பூச்சு இல்லை. ஓட்டின் கடைசி அடுக்கே அதுதான். சோழி ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். எந்தப் புளிப்பும் அதைக் கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதைச் சோழிக்குச் செய்யக் கூடாது.

மங்கியதை மறைக்க வார்னிஷ், நெயில் பாலிஷ் அடிப்பவர்களும் உண்டு. ஒரு வருடத்தில் மஞ்சளாகி உரியும். அதை எடுக்க அசிட்டோன் போதும், அது ஓட்டைக் கரைக்காது. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

சோழிக்குள் என்ன பூச்சி இருக்கும்? அதன் வாய் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறதே, எப்படி வெளியே வரும்?
*– ஏழாம் வகுப்பு மாணவன், திருவொற்றியூர்*

நல்ல கேள்வி தம்பி. உள்ளே இருந்தது பூச்சி இல்லை, ஒரு கடல் நத்தை. நாம் தாயத்துக்கு எடுக்கிற சோழியின் அறிவியல் பெயர் மொனட்டேரியா மொனெட்டா. இதில் ‘பணம்’ என்று பொருள்படும் ‘மொனெட்டா’ என்ற பெயரை 1758-இல் சுவீடன் அறிவியலாளர் லின்னேயஸ் வைத்தார். பெரும்பாலும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, வெதுவெதுப்பான கடலில், ஆழமில்லாத பவளப்பாறை இடுக்கிலும் கல்லடியிலும் வாழ்கிறது. கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும்.

அதன் உடம்பு எலும்பில்லாத மெத்தென்ற தசை. ஒல்லியான இடுக்கு வழியாகத் துணியை உருவுகிற மாதிரி வெளியே வந்துவிடும். வந்ததும் இரண்டு பக்கமும் மெல்லிய தசைத் திரை ஒன்று எழுந்து ஓட்டின் மேலேறி, முதுகு நடுவில் வந்து சேர்ந்துகொள்ளும். ஓடு முழுக்க உள்ளே மறைந்துவிடும். அந்தத் திரைதான் ஓட்டுக்கு அடுக்கு அடுக்காகப் பூச்சு போடுகிறது. தெருவில் கிடக்கிற நத்தை ஓடு சொரசொரவென்று இருக்க, சோழி மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்: உயிரோடு இருக்கும்போது அதன் மேல் மண்ணும் பாசியும் பிடிக்கவே இடமில்லை.

இன்னொன்று கேள். குட்டிச் சோழிக்கு வாயில் பல்லே இருக்காது. ஓடு மெல்லியதாய், வாய் அகலத் திறந்து, ஒரு பக்கம் சுருளோடு சாதாரணச் சங்குக் குஞ்சு மாதிரி இருக்கும். வளர்ந்து முடிந்ததும் உதடு உள்ளே மடிந்து, இரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பல் முளைத்துவிடும். அதற்குப் பிறகு சோழி நீளத்தில் வளராது, ஓரம் தடிப்பதோடு சரி. ஆகவே பெரிய சோழி என்றால் வயதான சோழி என்று நினைக்காதே. ஓரம் புடைத்துத் தடித்திருக்கிறதா என்று பார். உள்ளே இடம் போதாது என்றால் நடுச் சுருளின் சுவரைத் தானே கரைத்து அறையைப் பெரிதாக்கிக்கொள்ளும். ஒல்லி வாயும் பல்லும் நண்டுக் கொடுக்கு உள்ளே நுழையாமல் தடுக்கின்றன.

கோயில் பக்கத்துப் பூஜைச் சாமான் கடையில் வாங்கிய சோழி அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? சிலவற்றில் முதுகில் ஆரஞ்சு வளையம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. வளையம் இருப்பது போலியா?
*– வாசகி, காலடிப்பேட்டை*

வளையம் இருப்பதும் அசல்தான், வேறு இனம். அதன் பெயர் மொனட்டேரியா ஆன்யுலஸ். முட்டை வடிவில் வழவழவென்று இருக்கும், சாம்பல் படிந்த முதுகைச் சுற்றி ஆரஞ்சு மஞ்சள் கோடு ஓடும். மொனெட்டா மஞ்சளாகவோ வெள்ளையாகவோ, ஓரங்களில் முண்டு முண்டாகப் புடைத்து, ஆறு மூலை போலத் தெரியும். பூஜைக்கு மஞ்சள் நிறம் கேட்கிறார்கள் என்பதற்காகச் சாயம் போட்டதும் வரும். ஈரப் பஞ்சால் துடைத்தால் பஞ்சு மஞ்சளானால் சாயம்.

பிசினில் (ரெசின்) வார்த்த போலியைப் பிடிக்கப் பத்துச் சோழியை வரிசையாக வையுங்கள். அசலில் ஒன்றின் பல் வரிசை இன்னொன்றைப் போல இருக்காது. வார்த்ததில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வரும், பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடும் தெரியலாம். கன்னத்தில் வைத்தால் அசல் ஜில்லென்று இருக்கும். சந்தேகம் தீரவில்லையா? 100 மில்லி தண்ணீரில் 35 கிராம் கல் உப்பைக் கரைத்து, சோழியை உள்ளே போட்டு ஆட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள். அசல் அடியில் போய் உட்காரும். வெறும் பிசின் பெரும்பாலும் மிதக்கும். பிசினில் சுண்ணாம்புத் தூள் கலந்து வார்த்திருந்தால் அதுவும் மூழ்கும், அப்போது அச்சைத்தான் நம்ப வேண்டும். சோதித்த அசலை நல்ல தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள்.

ஆறு சோழி உருட்டுகிறோம். ஒன்று மட்டும் வாய் மேலே பார்த்தால் தாயம், ஆறும் குப்புற விழுந்தால் பன்னிரண்டு. பழைய செட்டில் தாயம் சீக்கிரம் விழும். புதிதாக வாங்கிய செட்டில் மணிக்கணக்கில் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்கிறோம். சோழியில் வித்தியாசம் உண்டா, எல்லாம் கை ராசியா?
*– வாசகர், ராயபுரம்*

சோழியில்தான் வித்தியாசம். கணக்கைப் பாருங்கள்.

ஒரு சோழி மேலே பார்ப்பதும் குப்புற விழுவதும் சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். ஆறு சோழிக்கு 64 விதம். அதில் ஒன்று மட்டும் மேலே பார்ப்பது 6 விதம், ஆறும் குப்புற விழுவது 1 விதம். அதாவது நூறு உருட்டலுக்குத் தாயம் ஒன்பது முறைக்குச் சற்று மேல். பன்னிரண்டு ஒன்று, இரண்டு முறைதான். இப்போது அதே சோழி நூற்றுக்கு 30 முறைதான் வாய் மேலே பார்க்கிறது என்று வையுங்கள். தாயம் நூற்றுக்கு 30 ஆகிவிடும், பன்னிரண்டும் 12 ஆகிவிடும். ஒரே ஆட்டம், ஒரே விதி, தாயத்தில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம்.

சோழியின் கனம் தடித்த அடிப்பக்கத்தில், பல் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. முதுகு மெல்லிய கூடு. முழுச் சோழி அதனால் குப்புறப் படுக்கவே பார்க்கும். முதுகைத் தேய்த்துத் தட்டையாக்கிய சோழி இரண்டு பக்கமும் சமமாக உட்காரும். உங்கள் பழைய செட்டு முழுச் சோழி, புதுச் செட்டு முதுகு தேய்த்தது என்றால் விடை அதிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு சோழியையும் தனித்தனியாக, நீங்கள் ஆடுகிற அதே தரையில், ஒரு சாண் உயரத்திலிருந்து 100 முறை போட்டு எண்ணுங்கள். பாயில் ஒரு கணக்கு, மொசைக் தரையில் வேறு கணக்கு வரும், கலக்காதீர்கள். மேலே பார்த்தது 40-க்கும் 60-க்கும் நடுவே என்றால் சமமான சோழி என்று எடுத்துக்கொள்ளலாம். எதில் ஆடினாலும் ஆறும் ஒரே மாதிரி இருக்கட்டும். நான்கு முழுசு, இரண்டு தேய்த்தது என்று கலந்து வைத்தால் எந்தக் கணக்கும் நிற்காது. காணாமல் போன சோழிக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைச் சேர்த்துக்கொள்கிற வீடுகளில் இதுதான் நடக்கிறது.

முதுகை எப்படித் தேய்ப்பது? சுத்தியால் தட்டினால் பிளந்துவிடுகிறது.
*– வாசகர், கொருக்குப்பேட்டை*

தட்டினால் வெடிப்பு ஓரம் வரை ஓடும். சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்து, முதுகின் உச்சி கல்லில் படும்படி இரண்டு விரலால் பிடித்து, எட்டு போடுகிற மாதிரி தேயுங்கள். அழுத்தாதீர்கள். முதலில் மஞ்சள் போய் ஊதா தெரியும். பிறகு ஊதாவுக்கு நடுவே ஒரு புள்ளி கறுப்பாகத் தெரியும், அது துளை. அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள், துளையின் ஓரம் காகிதம் போல மெலிந்திருக்கும், விரல் அழுத்தத்திலேயே உள்ளே நொறுங்கும். வேண்டிய அகலம் வந்ததும் 400, அடுத்து 800 நம்பர் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஓரத்தை மழுக்குங்கள். மழுக்காமல் கோத்தால் அந்த ஓரமே கயிற்றை அறுத்துவிடும். காளைக்குப் பட்டை கட்டுபவர்களுக்கும் கொலுசு கோப்பவர்களுக்கும் அறுந்து விழுவது இதனால்தான்.

கோர்ப்பதற்குச் சின்னத் துளை மட்டும் போதும் என்றால், 1 மில்லிமீட்டர் வைரப் பொடி ஒட்டிய முனையை பேட்டரியில் ஓடும் கை டிரில்லில் மாட்டி, சோழியைக் களிமண்ணில் பதித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி வைத்துத் துளையிடுங்கள். கரண்டில் ஓடும் டிரில்லைத் தண்ணீரோடு சேர்க்காதீர்கள். உலர்வாகத் தேய்க்கவும் துளையிடவும் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் விட்டுச் செய்தாலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை தூண்டில் வளைவுக் கல்லில் தேடினால் சோழி கிடைக்குமா? பொறுக்குவது குற்றமா?
*– வாசகர், காசிமேடு*

இந்தச் சோழி இங்கே கிடைப்பது அரிது. அதற்குத் தெளிந்த தண்ணீரும் பவளப்பாறையும் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு மன்னார் வளைகுடாப் பக்கம் போக வேண்டும். நம் கரை மணல் கரை. துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கி மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. அதைத் தடுக்கப் போட்டவைதான் இந்தக் கற்கள். கலங்கல் தண்ணீரில் அந்தக் கல்லில் மட்டியும் கொட்டலசும் ஒட்டும், சோழி தங்காது. நீங்கள் எடுப்பவை பெரும்பாலும் பொத்தான் மாதிரி தட்டையான சின்ன நத்தை ஓடுகள், கிளிஞ்சல், விசைப்படகின் மடிவலையில் வந்து வலை உதறும்போது விழுந்த சங்குகள். கிளிஞ்சலில் அழகாகச் சரிவாகக் குடைந்த வட்டத் துளை இருந்தால் அது மனிதர் போட்டது இல்லை, நிலா நத்தை தின்பதற்குப் போட்டது.

வலையில் வந்ததைத் தொடும்போது ஒன்றில் கவனம் வேண்டும். ஐஸ்கிரீம் கோன் மாதிரி கூம்பாக, கோலம் போட்டது போல் இருக்கும் சங்கு உயிரோடு இருந்தால் கையில் எடுக்காதீர்கள், சட்டைப் பையில் போடவே போடாதீர்கள். அது விஷ ஊசி பாய்ச்சும்; சில இனங்களின் விஷம் ஆளைக் கொல்லும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மொனெட்டா சோழி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் 2001-இல் சேர்த்த சங்கு, சிப்பி இனங்களில் வேறு சில சோழிகள் இருக்கின்றன. முதுகில் வரைபடம் போல் கோடுள்ள பெரிய சோழி அதில் ஒன்று. கொம்புத் தலைச் சங்கு, டிரைட்டன் சங்கு, நாட்டிலஸ் போன்றவையும் உண்டு. அலங்காரத்துக்குப் பெரிய சங்கு வாங்கும்போது இனத்தின் பெயரைக் கேளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே காலி ஓட்டைக்கூட எடுக்காதீர்கள்.

பலகறை பற்பம் வீட்டிலேயே செய்யலாமா?
*– வாசகி, மணலி*

வேண்டாம். பலகறை என்பது இதே சோழிதான். பற்பம் என்பது அதைச் சுட்டுப் பொடியாக்கிய மருந்து. முதலில் சுத்தம் செய்வது, பிறகு புடம் போட்டுச் சுடுவது என்று சித்த மருத்துவத்தில் அதற்கு முறை இருக்கிறது. வீட்டு அடுப்பில் அரைகுறையாகச் சுட்டால் ஓட்டுத் தூளும் சுட்ட சுண்ணாம்பும் கலந்துதான் கிடைக்கும். சுட்ட சுண்ணாம்பு வாயையும் குடலையும் வேக வைக்கும். சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்து, உரிமம் பெற்ற மருந்தாக வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடைகள் இருக்கும் ராசப்ப செட்டித் தெருவில் சோழியாகக் கிடைப்பது மூலப்பொருள், மருந்து இல்லை.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தியில் ‘ஃபூட்டி கௌடி கூடத் தர மாட்டேன்’ என்பார்கள். சோழி உண்மையிலேயே காசாக ஓடியதா?
*– வாசகர், சௌகார்பேட்டை*

ஓடியது. உடைந்த சோழிகூடக் கிடையாது என்பதுதான் அந்தப் பேச்சு. வங்காளத்தில் 80 சோழியை ஒரு ‘பண்’ என்று எண்ணினார்கள், 16 பண் ஒரு ‘காகன்’, ஆக 1280 சோழி. சில்ஹட் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலும் நிலவரியைச் சோழியாகவே கட்டினார்கள்.

அதில் பெரும்பகுதி வந்தது மாலத்தீவிலிருந்து. தென்னை ஓலைகளைக் கடலில் போட்டுவைத்தால் சோழி அதில் வந்து ஒட்டும். கரைக்கு இழுத்து உதறி எடுப்பார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அங்கே போய்த் தங்கிய மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, சோழியைக் குழியில் போட்டுச் சதை அழுகிய பின் ஓட்டை எடுப்பதையும், அதை வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்குவதையும், நாலு லட்சம் சோழிக்கு ஒரு தங்க தினார் என்ற விலையையும் எழுதி வைத்திருக்கிறார். கள்ள நோட்டு அடிக்க முடியாத காசு அது. துருப் பிடிக்காது, எலி தின்னாது, எண்ணலாம், படியால் அளக்கலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே சோழிதான் காசு. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் பக்கத்திலிருந்து, மேலே சொன்ன ஆரஞ்சு வளையச் சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். பணம் குவிந்தது, மதிப்பு சரிந்தது. சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் வெறும் ஓடு மிஞ்சியது.

ராமேஸ்வரம் போன உறவினர் கொண்டுவந்த சோழி இரண்டு நாளில் நாற ஆரம்பித்துவிட்டது. கொதிக்க வைக்கலாமா?
*– வாசகி, எண்ணூர்*

உயிரோடு எடுத்ததால்தான் நாறுகிறது. அப்படி எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பெண் சோழி முட்டையின் மேல் நாள்கணக்கில் அடைகாத்து உட்காரும், அதை எடுத்தால் முட்டையும் போயிற்று.

கையில் இருப்பதைக் கொதிக்க வைத்தால் மினுக்கத்தில் மயிரிழை வெடிப்பு விடும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள் வையுங்கள், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள். அதற்கு மேல் பக்கெட் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, சிரிஞ்சால் பீய்ச்சி வாருங்கள். சதை துண்டு துண்டாக வரும். பத்து நாளாவது ஆகும். அழுகல் நீர் ஓட்டின் மேல் காய விடாதீர்கள், அந்த நீரும் மினுக்கத்தைத் தின்னும். வாடை முழுக்கப் போனதும் முதல் கேள்விக்குச் சொன்னபடி கவிழ்த்துக் காயவையுங்கள். காயும்வரை மேலே வலை போட்டு மூடிவையுங்கள், எறும்புக்கு இல்லை, காக்கைக்கு.